இருபது வயசு வண்டியும் அறுபது நாள் கெடுவும்

ஆணி ரொம்ப அதிகமாப் போனதால நாலு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்களே. யாரும் தேடலைங்கறது வேற விஷயம் :-)

போன சனிக்கிழமை ஃப்ரிஸ்கோவுல ஒரு நண்பர் வீட்டுல விருந்து. வாசல்ல வரிசையா புது வண்டிங்க. பாதி எலெக்ட்ரிக், மீதி மூணு வரிசை சீட் வச்ச எஸ்.யு.வி. கடைசில ஓரமா என்னோட 2004 லெக்சஸ் எல்.எஸ். 430. சாப்பிட்டுட்டு வெளிய வந்து நின்னப்ப ஒரு அண்ணாச்சி தோள்ல கை போட்டு, "ஏன் தம்பி, நல்ல சம்பளம்தானே? இன்னும் எதுக்கு இந்தத் தாத்தா வண்டி?"ன்னு கேட்டார். பக்கத்துல நின்ன இன்னொருத்தர், "இல்லைண்ணே, லெக்சஸ்ல, தம்பி பந்தா பண்றார்"ன்னார். ஒரே வண்டி, ஒரே நிமிஷம். ஒருத்தருக்கு நான் கஞ்சன், இன்னொருத்தருக்கு நான் பந்தா பார்ட்டி. அங்க நின்னு பதில் சொன்னா பாயசம் ஆறிடும்னு வந்துட்டேன். பதில் இங்க.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், பொழப்பு பொட்டி தட்டுறது. வண்டி விஷயத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு யூடியூப்ல படிச்சது, மீதி கைக்காசு போட்டுப் படிச்சது.

2023 ஆகஸ்ட்ல இந்த வண்டிய வாங்கினேன். 1,38,000 மைல் ஓடினது, நம்ம கணக்குல ரெண்டேகால் லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கம். விலை 8,800 டாலர், ரொக்கம். புதுசுல 55,000 டாலருக்கு மேல வித்த வண்டி. 4.3 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், தோல் சீட், மரம் பதிச்ச ஸ்டியரிங். ஒரு கேசட் ப்ளேயர் கூட இருக்கு. என் வயசுப் பசங்க பலபேர் கேசட்டைக் கையால தொட்டிருக்க மாட்டாங்க. எனக்கே ஊர்லேருந்து கேசட் வரவழைக்கலாமான்னு ஒரு ஆசை.

இந்த வண்டியோட பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியமானது, அதனால சின்னதா ஒரு கொசுவத்தி. 1983-ல டொயோட்டா தலைவர் எய்ஜி டொயோடா, உலகத்துலயே சிறந்த கார்களோட போட்டி போடற மாதிரி ஒண்ணு நம்மால செய்ய முடியுமான்னு தன் ஆட்களைக் கேட்டார். ஆறு வருஷம், 450 மாதிரி வண்டிகள், நூறு கோடி டாலருக்கு மேல செலவு. 1989-ல வந்தது எல்.எஸ். 400. தலைமை எஞ்சினியர் இச்சிரோ சுஸூகி. சத்தத்தை அடக்க பஞ்சையும் ரப்பரையும் வச்சு அடைக்காதீங்க, சத்தம் எங்க பொறக்குதோ அங்கயே அதை நிறுத்துங்கங்கறது அவர் கட்டளை. அதனால எஞ்சின் பாகங்களையே இன்னும் துல்லியமா கடைஞ்சு எடுத்தாங்க. பானெட் மேல ஷாம்பெய்ன் கிளாஸை கோபுரமா அடுக்கி வச்சு எஞ்சினை முறுக்கின விளம்பரம் பார்த்திருப்பீங்க. ஒரு கிளாஸ் கூட விழாது. என் வண்டி அந்த வம்சத்துல மூணாவது தலைமுறை.

எல்லாரும் அந்த விளம்பரத்தைத்தான் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது அதே 1989 டிசம்பர்ல நடந்த இன்னொரு சமாச்சாரம். வண்டி வித்து சில மாசம்தான் ஆகுது. வயரிங் பத்தி ஒண்ணு, ப்ரேக் லைட் சூடானது பத்தி ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு புகார். அதுக்காக வித்த எட்டாயிரம் வண்டியையும் திரும்பக் கூப்பிட்டாங்க. வீட்டுக்கே ஆள் வந்து வண்டிய எடுத்துப் போய், சரி பண்ணி, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டாங்க. மூணு வாரத்துக்குள்ள மொத்தத்தையும் முடிச்சாச்சு. லெக்சஸ் மேல ஜனங்களுக்கு வந்த நம்பிக்கைக்கு இதுதான் அஸ்திவாரம்னு அமெரிக்கால இன்னிக்கும் பேசுவாங்க. கவனிங்க, 'தப்பே வராத வண்டி'ன்னு பேர் வாங்கலை. தப்பு வந்தப்ப செஞ்ச வேலைக்குத்தான் பேர் கிடைச்சது.

நான் சொல்ல வந்ததும் இதுதான். 'ரொம்ப நம்பகமான வண்டி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்'னு யாராவது சொன்னா தயவு செஞ்சு கண்ணைத் திறந்து வச்சுக்கங்க. புது வண்டில நம்பகத்தன்மை கம்பெனியோட சொத்து. இருபது வருஷம் ஆன வண்டில அது முந்தைய ஓனரோட சொத்து. முன்னாடி இருக்கற 'எல்' முத்திரையப் பார்த்து நம்பினா நடுரோட்டுலதான் நிக்கணும்.

மேட் ஃபரான்னு ஒரு ஆட்டோமொபைல் எழுத்தாளர். 2014-ல, கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் மைல் ஓடின 1996 எல்.எஸ். 400 ஒண்ணை வாங்கினார். 2019-ல அது பத்து லட்சம் மைலைத் தொட்டது. அந்த வண்டில ஆறு இலக்கம்தான், 9,99,999-க்கு மேல மீட்டர் போகாது. இதைச் சொல்லியே ஆயிரம் பேர் பழைய லெக்சஸை விக்கிறான். அந்த வண்டி வெறும் பெட்ரோல் மட்டும் குடிச்சு ஓடலைங்கறதை எவனும் சொல்ல மாட்டான்.

நான் வாங்கறதுக்கு முன்னாடி ஏழு வண்டி பார்த்தேன். 2017-ல ஹார்வி புயல் வந்து ஹூஸ்டனே தண்ணில நின்னதுல எக்கச்சக்கமான வண்டி முழுகிப் போச்சு. அப்படி முழுகின வண்டிங்க காகிதம் மாறி எங்கெங்கயோ விலைக்கு வருங்கறதால சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்க்கணும், அடில சேத்துக் கோடு இருக்கும்னு படிச்சிருந்தேன். ஒரு வண்டில நிஜமாவே இருந்தது! இன்னொண்ணு ஏர் சஸ்பென்ஷன் வச்ச உயர்ந்த ரகம், ஆசையா இருந்தது. ஆனா அது போச்சுன்னா மாத்தற செலவுல பாதி வண்டி வாங்கலாம். சாதா ஸ்பிரிங் வச்சதே போதும்னு விட்டுட்டேன்.

ஏழாவது வண்டி ப்ளேனோல ஒரு பெரியவர் வீட்டுல. 2004-ல புதுசா வாங்கின அதே ஆள். வண்டியக் காட்டறதுக்கு முன்னாடி உள்ள போய் ஒரு தடி ஃபைலை எடுத்துட்டு வந்தார். பத்தொன்பது வருஷ ரசீது, தேதி வாரியா, துளை போட்டுக் கோர்த்து. ஆயில் மாத்தினது, கூலன்ட் மாத்தினது, டயர், 91,000 மைல்ல டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். நான் வண்டியவே சரியாப் பார்க்கலை, ஃபைலைத்தான் படிச்சேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எழுதினவன் ஓடிப்போன பழைய கோடைத் தலைல கட்டுவாங்க தெரியுமா? அப்ப நல்ல கமென்ட் எழுதி வச்சுட்டுப் போன புண்ணியவானைக் கும்பிடத் தோணும். அதே ஃபீலிங்.

ஆனா அதோட முடியலை. பெல்ட்டுக்கு 90,000 மைல் கணக்கு. 91,000-ல மாத்தினா அடுத்தது 1,81,000-லதானேன்னு ரூம்மேட் வாதம் பண்ணினான். பெல்ட் மாத்தின தேதியைப் பார்த்தா 2012. ரப்பருக்கு மைல் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், அப்புறம் வண்டிய எடைக்குத்தான் போடணும். முதல் மாசமே 1,300 டாலர் கொடுத்து மாத்திட்டேன். அதுவும் தெரிஞ்ச ஒரு சின்ன ஷெட்ல. ஒரு பெரிய டீலர்கிட்ட கேட்டப்ப சொன்ன தொகைக்கு, ஊருக்கு ரெண்டு தடவை போய்ட்டு வரலாம்.

இதுவரைக்கும் ஆன மொத்த செலவையும் சொல்லிடறேன், ஒளிச்சு வச்சா இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. பெல்ட் 1,300. முன்னாடி கண்ட்ரோல் ஆர்ம், புஷ் எல்லாம் 1,600. டயர் நாலும் 720. ப்ரேக் 450. ஆயில், கியர் ஆயில் வகையறா 350. பேட்டரி 210 (டிக்கியச் சரியா மூடாம நாலு நாள் விளக்கு எரிய விட்ட என் அறிவுக்கு அபராதம்). ஆக 27 மாசத்துல 4,630 டாலர், மாசத்துக்கு 171. பெட்ரோலும் ப்ரீமியம்தான் போடணும், டெக்சாஸ்ல அது 93 ஆக்டேன். கேலனுக்கு 21 மைல் கிடைச்சா அன்னிக்கு நல்ல நாள். 50 மைல் தர்ற ஹைப்ரிட் வண்டியோட ஒப்பிட்டா எனக்கு மாசம் நூறு டாலராவது கூடுதலாப் போகுது. ரெண்டையும் சேர்த்தா 270. யாராவது 'பழைய லெக்சஸுக்குச் செலவே கிடையாது'ன்னு சொன்னா அவர் வண்டி விக்கிறார்னு அர்த்தம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. அமெரிக்கால புது வண்டியோட சராசரி விலை 2025 செப்டம்பர்ல 50,000 டாலரைத் தாண்டினதா கெல்லி ப்ளூ புக் சொல்லுது. கடன் போட்டு வாங்கினா மாசத் தவணை சராசரியா 700-க்கு மேல. அது போக இன்ஷூரன்ஸ். என் வண்டிக்கு மோதல் கவரேஜை எடுத்துட்டேன், ஆலங்கட்டிக்காக மத்த கவரேஜை மட்டும் வச்சிருக்கேன். ஏப்ரல் மாசத்துல டல்லாஸ்ல இருந்து பாருங்க, ஏன்னு புரியும்.

கணக்கோட நின்னா இதை எழுதியிருக்கவே மாட்டேன். 270-க்கும் 700-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் பிரியாணிக்கும் விமான டிக்கெட்டுக்கும் போயிடும். எனக்கு இது உறைச்சது 2024 ஜனவரில, ஒரு செவ்வாய்க்கிழமை.

காலைல ஒன்பதரைக்கு ஒரு மீட்டிங் அழைப்பு, பதினஞ்சு நிமிஷம். நானும் ரூம்மேட்டும் ஒரே கம்பெனி, வேற வேற டீம். ரெண்டு பேருக்கும் அதே அழைப்பு. பத்து மணிக்கு லேப்டாப் பூட்டிக்கிச்சு. எச்-1பி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வேலை போன நாள்லேருந்து அறுபது நாள். அதுக்குள்ள இன்னொருத்தன் நம்மள எடுத்துக்கணும், இல்லேன்னா பெட்டியக் கட்டணும்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் சமையலறை மேசைல உக்காந்து கணக்குப் போட்டோம். என் பக்கம்: வாடகை, சாப்பாடு, போன், இன்ஷூரன்ஸ். அவன் பக்கம் அதே, கூட 760 டாலர் கார்த் தவணை. 2022-ல சிப் தட்டுப்பாட்டுல வண்டியே கிடைக்காம, போட்ட விலைக்கு மேல கொடுத்து வாங்கின எஸ்.யு.வி. அவன் மேல தப்புன்னு சொல்ல மாட்டேன், அன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் வாங்கினாங்க. பேங்க்குக்கு இன்னும் 35,000 சொச்சம் பாக்கி. வித்துடலாம்னு விலை கேட்டா 28,000-க்கு மேல ஒருத்தனும் தரலை. அதாவது தன் வண்டிய வித்துட்டு ஊருக்குப் போறதுக்கே அவன் கைலேருந்து 7,000 கொடுக்கணும். சேமிப்பே அவ்வளவுதான் இருந்தது. அவங்க அப்பாவுக்கு அந்த மாசம் கண் ஆபரேஷன் வேற.

நான் அப்போ ஒண்ணுமே பேசலை. ஆகஸ்ட்ல என் வண்டிய 'தாத்தா வண்டி'ன்னு முதல்ல சொன்னவன் அவன்தான். அதை ஞாபகப்படுத்தற நேரமா அது?

நாப்பதாவது நாள் எனக்கு ஆஸ்டின்ல ஒரு நேர்முகத் தேர்வு. டல்லாஸ்லேருந்து ஐ-35 வழியா 200 மைல். அந்த ரோட்ல போனவங்களுக்குத் தெரியும், பாதி தூரம் லாரி, மீதி தூரம் ரோடு வேலை. விடியக்காலை நாலரைக்குக் கிளம்பினேன். பாட்டு போடலை. எழுபது மைல் வேகத்துல உள்ள கேட்டது காத்து லேசா உரசற சத்தமும் என் மூச்சும்தான். ரோட்ல இருந்த ஒட்டு, பள்ளம் எல்லாத்தையும் வண்டி உள்வாங்கிக்கிட்டு, 'ஏதோ இருந்தது, பார்த்துக்கிட்டேன்'ங்கற மாதிரி போகுது. வேக்கோ தாண்டினப்பதான் தோணுச்சு, அஞ்சு வாரத்துல முதல் தடவையா என் தோள் இறங்கியிருக்கு. சொகுசுன்னா அதுவரைக்கும் நான் தோல் சீட்டு, மரப் பட்டைன்னுதான் நினைச்சிருந்தேன். போய் இறங்கினப்ப முதுகு வலிக்கலை, தலை வலிக்கலை. வண்டியாலதான் வேலை கிடைச்சதுன்னு கதை விட மாட்டேன். நாப்பத்தேழாவது நாள் ஆஃபர் வந்தது, அதுவும் டல்லாஸ்லயே அவங்க கிளைல.

ரூம்மேட்டுக்குக் கிடைக்கலை. ஐம்பத்திரண்டாவது நாள் 7,000 டாலரைக் கட்டி வண்டியக் கொடுத்தான். ஐம்பத்தெட்டாவது நாள் நான்தான் ஏர்போர்ட்ல கொண்டு போய் விட்டேன், இதே தாத்தா வண்டில. ரெண்டு பெட்டி, ஒரு ப்ரஷர் குக்கர். டிக்கில இடம் தாராளமா இருந்தது.

அதனால விருந்துல கேட்ட அண்ணாச்சிக்கு என் பதில் இது. க்ரீன் கார்டு கைல இருக்கறவர், வீடு வாங்கி வேர் விட்டவர் எந்த வண்டிய வேணா தவணைல வாங்கட்டும். அறுபது நாள் கெடுவுல வாழற என் மாதிரி ஆளு, ஆறு வருஷக் கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடறது எனக்குப் புரியலை. விசா மூணு வருஷத்துக்கு, கடன் ஆறு வருஷத்துக்கு. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு எஞ்சினியரிங் படிச்சிருக்கணும்னு இல்லை. அப்படின்னா பழைய சின்ன வண்டி வாங்கலாமேன்னு கேட்பீங்க. தாராளமா வாங்கலாம், நல்ல கேம்ரி கிடைச்சா விடாதீங்க. ஆனா பேர்போன சின்ன வண்டிகளோட பழைய விலை இப்ப அநியாயத்துக்கு ஏறிக்கிடக்கு. பெரிய சொகுசு செடானை யாரும் சீந்தறதில்லை, எல்லாருக்கும் எஸ்.யு.வி. வேணும். அந்த இடைவெளில நான் புகுந்தேன், அவ்வளவுதான்.

இதே தர்க்கத்தை எல்லா சொகுசு வண்டிக்கும் நீட்டிடாதீங்க சாமி. வண்டி விலை இறங்கும், உதிரி பாகத்தோட விலை இறங்காது. 80,000 டாலர் வண்டிய 12,000-க்கு வாங்கினாலும், உடைஞ்சா 80,000 டாலர் வண்டியோட பாகத்தைத்தான் வாங்கணும். எல்.எஸ். தப்பிக்கறதுக்குக் காரணம், பாகங்கள் அடிக்கடி கேக்காது. அப்படியும் ஸ்டார்ட்டர் மோட்டாரை எஞ்சினுக்கு நடுவுல, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடில வச்சிருக்கான் மகராசன். ஒரு நாள் அது போச்சுன்னா பாகத்தை விடக் கூலிதான் அதிகம் வரும். அதுக்குத் தனியா ஒரு தொகை எடுத்து வச்சிருக்கேன்.

போன கோடைல அப்பா அம்மா வந்திருந்தாங்க. அம்மாவுக்குப் புது வண்டி இல்லைன்னு வருத்தம். ஆனா ஊர்ல 'பையன் லெக்சஸ் வச்சிருக்கான்'னு சொல்லி வச்சிருந்தாங்க. என் மாமா பையன் கூகுள்ல தேடியிருக்கான். இந்தியாவுல எல்.எஸ். 2018-ல வந்தப்பவே விலை 1.77 கோடி. மறுநாளே மாமாகிட்டேருந்து போன், மனை வாங்க ஒரு அஞ்சு லட்சம் கைமாத்தா கிடைக்குமான்னு :-)

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர், கும்பகோணம் பக்கம் முப்பது வருஷம். வந்த மறுநாள் காலைல கீழ போய் வண்டியச் சுத்தி ரெண்டு தடவை நடந்தார். "எத்தனை வருஷ வண்டிடா?" "இருபத்தொண்ணுப்பா." "நம்ம ஊர்ல கவர்மென்ட் வண்டின்னா பதினஞ்சுல கழிச்சுடணும்னு 2023-லயே சட்டம் வந்துருச்சு. இங்க எஃப்.சி. யாரு பார்ப்பா?"ன்னார். டெக்சாஸ்ல 2025 ஜனவரிலேருந்து தனியார் வண்டிக்குப் பாதுகாப்புச் சோதனையே கிடையாது, டல்லாஸ் பக்கம் 24 வயசு வரைக்கும் புகைச் சோதனை மட்டும்தான்னு சொன்னேன். அவரால நம்பவே முடியலை. "அப்ப ஸ்டியரிங் ராடு ஆடுதா, ப்ரேக் தேஞ்சிருக்கான்னு எவன் சொல்லுவான்?" "நாமதான்ப்பா பார்த்துக்கணும்." அதுக்கப்புறம்தான் நானும் வருஷத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து வண்டியத் தூக்கி அடில பார்க்கச் சொல்ல ஆரம்பிச்சேன்.

சாவியப் போட்டேன். ரெண்டு செகண்டு கழிச்சு, "ஸ்டார்ட் பண்ணு"ன்னார். "ஓடிட்டிருக்குப்பா." பானெட்ல உள்ளங்கைய வச்சுப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஃபைலைக் கேட்டார். இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா தேதியும் மைலும் எண்தானே. டிப்போ லாக் ஷீட் பார்க்கற மாதிரி விரலை வச்சு அரைமணி நேரம் பார்த்தார். மூடிட்டு, "மொத ஓனர் நல்ல ஆளுடா"ன்னார். வண்டியப் பத்தி அவர் சொன்னது அது ஒண்ணுதான். அடுத்த நாள்லேருந்து நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கீழ போய் ஆயில் குச்சிய இழுத்துப் பார்த்துட்டு வந்துடுவார். கிளம்பற வரைக்கும் விடலை.

ரூம்மேட் இப்ப கோயம்புத்தூர்ல நல்ல வேலைல இருக்கான். நேத்து போன் பண்ணினான், பழைய செடான் ஒண்ணு பார்க்கப் போறானாம். சர்வீஸ் ரசீது ஃபைல் இருக்கான்னு கேளுடான்னேன். கேட்டிருக்கான். "ஃபைலா? வண்டி கண்டிஷன் சார்"னு புரோக்கர் சிரிச்சாராம். இன்னும் ஆறு வண்டி பாருன்னு சொல்லியிருக்கேன்.

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. வர்ட்டா.